மூன்று தண்ணி

ஷார்ஜா பேக்கரியில் இருபத்தியோரு வருஷம்.
கீழக்கரையில் அதைச் சேர்த்துத்தான் இவரைக் கூப்பிடுவார்கள்:
பேக்கரி அபுதாகிர்.

விசா முடித்து வந்த எட்டாம் நாள்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுக்க உட்கார்ந்தார்.
நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.

வீடு என்னுடையது. எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு.
லீவுக்கு வந்தபோதெல்லாம் இவர்
அடுப்பைக் கண்டதில்லை; எல்லாம் இருந்த இடத்துக்குப் போனது.
இன்றைக்கு, உப்பு எந்த டப்பாவில் என்கிறார்.
ஹார்லிக்ஸ் டப்பாவில் என்றேன்.
நம்பாமல் விரலால் தொட்டு நக்கிப் பார்க்கிறார்.

பட்டர் பேப்பர் வேண்டுமாம்.
வாழையிலையை வாட்டிக் கொடுத்தேன்.
ஓவன் இருக்கிறது, கார்கோவில் வந்தது.
நம் தெரு வோல்ட்டேஜுக்கு முதல் நாளே புகைந்துவிட்டது,
இப்போது அதற்குள் வெங்காயம்.

"அந்தக் காலத்து முறைதான் ருசி" என்றார்,
அந்தக் காலத்தைப் பார்த்தவர் மாதிரி.

அந்த முறை எனக்குத் தெரியும்.
பிரியாணி வட்டாவில் இரண்டு விரற்கடை மணல்,
மணலில் மூன்று கல், கல் மேல் தட்டு,
மூடி மேல் சிரட்டைக் கங்கு.
கடல் மணல் என்றால் சலித்துக் கழுவிக் காயவைக்க வேண்டும்.
அதைச் சொல்வதற்குள்
வாளியோடு கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார்.
(சொல்லியிருக்கலாம். வாளியை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.)

கால் மணி நேரம் ஆகியிருக்கும்.
வட்டாவுக்குள் சிப்பியும் பொடிச் சங்கும்
ஒவ்வொன்றாய் வெடிக்க ஆரம்பித்தன.
மாடிச் சுவருக்கு மேல் மைமூன் லாத்தாவின் தலை:
"என்னளா ஜொகரா, மாப்பிள்ள வந்ததுக்கு வேட்டா?"
பிறகு ஒரு வாடை. மணலுக்குள்
எங்கேயோ ஒரு குட்டி நண்டு இருந்திருக்கிறது.

மூடியைத் திறந்தார்.
பதினாறு பிஸ்கட்டும் அடியில் கரி, மேலே பச்சை மாவு,
நடுவில் பேரீச்சம்பழம் மட்டும்
நடந்தது எதுவும் தெரியாமல் பளபளத்தது.

தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:
"நான் வேன் ஓட்டுனேன்."

கங்கு ஒன்று நழுவித் தரையில் விழுந்தது.

"இருவத்தியோரு வருசமும் வேனுதான்.
காலங்காத்தால மூணு மணிக்குச் சூட்டோட ஏத்துவாக.
பின்கதவச் சாத்துனா வாசனை முன்னால வரும்.
அம்புட்டுத்தான் எனக்கும் பேக்கரிக்கும்."

எனக்கு மூன்றாம் வருஷமே தெரியும்.
அனுப்பிய போட்டோவில் வெள்ளைத் தொப்பி
யாருடைய தலைக்கோ தைத்தது.
பையில் சாவிக்கொத்து புடைத்திருந்தது.
லீவுக்கு வந்து அவிழ்த்துப் போட்ட சட்டை எதிலும்
மாவு இருந்ததில்லை, டீசல்தான்.
டீசலுக்கு எலுமிச்சையும் சவுக்காரமும் என்று
நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை, இவரிடமும்.

பிசைந்த மாவில் பாதி மிச்சமிருந்தது.
சல்லடையை இவர் கையில் கொடுத்தேன்.
"கெணத்தடிக்குப் போங்க. மூணு தண்ணி.
மூணாவது தண்ணி தெளிஞ்சாத்தான் மணலு."

குனிந்து அலசுவதைச் சன்னல் வழியே பார்த்தேன்.
கண்ணாடி துடைக்கிறவர் கை, வட்ட வட்டமாய்ப் போகிறது.
மணலை வறுத்து ஈரம் போக்கினேன்,
மாவில் ஒரு கரண்டி கருப்பட்டிப் பாகு விட்டேன்.
கங்கைக் கூட்டவும் குறைக்கவும் இவரை வைத்தேன்.
அஸருக்குப் பாங்கு சொல்லும்போது
தெருவே மூக்கை நீட்டியது.

முப்பத்திரண்டு. விளிம்பெல்லாம் பொன்,
தொட்டால் உதிர்கிற பதம்.

பதினோரு வீட்டுக்குப் பங்கு வைத்தேன்.
டிபன் கேரியரில் வாழையிலை விரித்து
இவரே அடுக்கினார், இடுக்கில் துணி செருகி,
எது முதலில் இறங்குமோ அதை மேலே வைத்து.
அந்த அடுக்கை நான் பார்த்ததேயில்லை.
ஸ்கூட்டர் போனது. நடுத்தெரு முக்கில் ஆட்டுக்குட்டி,
பள்ளிவாசல் பக்கம் தோண்டிப்போட்ட பைப்லைன்,
மேடும் பள்ளமும்.

மஃரிபுக்கு முன்னால் மைமூன் லாத்தா
காலித் தட்டோடு வந்தாள்:
"பேக்கரிக்காரர் பேக்கரிக்காரர்தான்.
ஒண்ணுகூட ஒடையலையே."

"அதான் அவருக்குத் தொழிலு" என்றேன்.