பதினொன்றாம் கேள்வி

எங்கள் ஊர்ப்பக்கம் அது வசவு.
குவைத்தில் அது பேராசிரியர் பெயர்:
டாக்டர் மூதி அல்-மிஷாரி.
முதல் வாரம் கூப்பிடவே வாய் கூசியது.

எழுபத்து நான்கு. கைஃபான் வளாகம்.
துறை என்றால் இரண்டு அறை, ஒரு ஏசி,
சைக்ளோஸ்டைல் மிஷின், அதைச் சுற்ற நான்.
கெய்ரோவிலிருந்து வந்த பாடநூலில்
நைல் இருந்தது, பருத்திக்காடு இருந்தது,
எண்ணெய்க் கிணறு இல்லை.
அதை மூடிவைத்துவிட்டு
மாணவிகளிடம் சொன்னாராம்:
"உங்கள் வீட்டுப் பின்வாசலில்
யார் யார் வருகிறார்கள்,
எந்தக் குவளையில் குடிக்கிறார்கள்,
எழுதி வாருங்கள்."
நாற்பது தாள் வந்தது.
முதல் பருவத்துக்கு அதுதான் பாடநூல்,
நான்தான் அச்சகம்.

பிறகு கணக்கெடுப்பு.
என் பஜார் அரபியை நம்பி
வண்டியில் ஏற்றிக்கொண்டார்.
ஃபஹாஹீல். ஒரு அறை. பதினான்கு பேர்.
பதினொன்றாம் கேள்வி: குடும்பத் தலைவர் யார்?
ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன்
கண்ணைத் துடைத்தபடி கையைத் தூக்கினான்:
"இன்னிக்கு என் முறை."

கூட வந்த பையன்கள் சிரித்தார்கள்.
மூதி சிரிக்கவில்லை. பேனாவை மூடவுமில்லை.
அந்தச் சொல்லை மூன்று தரம் சொல்லச் சொன்னார்.
றகரத்துக்கு அரபியில் எழுத்தில்லை;
ரே போட்டு, மேலே ஒரு கோடு இழுத்தார்.

திரும்பும் வழியில் அர்த்தம் கேட்டார்.
அடுத்தடுத்து வருவது முறை.
மாமனா மச்சானா, அதுவும் முறை.
செய்கிற விதம் முறை.
நியாயமும் அதுதான்; கேட்டுப் போனால் முறையீடு.
"எல்லாம் ஒரே சொல்லா?"
பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை.
பின்னால் ஹாரன்.

மறுநாள் ஸ்டென்சிலில் பதினொன்று இல்லை.
அந்த இடத்தில்:
இன்று சமைப்பவர் யார்? நேற்று? நாளை?
இருநூற்றுப் பன்னிரண்டு அறைக்கு அதைச் சுற்றினேன்.

அறிக்கை அச்சில் வந்தபோது
சமையல் முறைக்கு முழு அத்தியாயம்.
முறையீடு என்ற பகுதியைக் காணோம்.
ஏன் என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை.
அவரே வந்து மேசைமேல்
மெழுகுத்தாள் சுருளை வைத்தார்.
"பதினேழு பக்கம். கிழித்துப் போடச் சொல்லிவிட்டார்கள்.
வகுப்புக்கு எத்தனை பிரதி வேண்டியிருக்கும்?"
நாற்பது, என்றேன்.
அறுபது எடு, என்றார்.

அன்று மை குறைவு.
கடைசி ஒன்பது வெளிறித்தான் வந்தது.
வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம்.