இறங்கல் செய்தி

பேனர் அடித்த பையனுக்கு இருபது வயதிருக்கும்.
அவசரம் எங்களுக்கு; அவன்மேல் குற்றமில்லை.
புளோக்கின் கீழ்த்தளத்தில்
மின்விசிறிக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் மேலே
கட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன்:
இறங்கல் செய்தி.
சின்ன ர வரவேண்டிய இடத்தில்
பெரிய ற
காலை மடக்கி உட்கார்ந்திருந்தது.

சௌந்தரவல்லி டீச்சர், எண்பத்தொன்பது வயது.
ரயில் நிலையப் பலகையில்
ஒற்று ஒன்று விடுபட்டிருந்தால்
அங்கேயே இறங்கி
தேதியும் மேடை எண்ணும் குறித்துக்கொண்டு
மூன்று பக்கம் கடிதம் எழுதுகிறவள்.
பதில் ஆங்கிலத்தில் வரும்.
அதிலும் ஒரு காற்புள்ளி போட்டுத்தான்
கோப்பில் வைப்பாள்.

அவளுக்கும் எனக்கும் ஒரே பள்ளி.
ஏழரை மணியிலிருந்து ஒரு மணிவரை
அம்மா என்று கூப்பிடக் கூடாது.
ஒருநாள் வயிற்றுவலியில் வாய்தவறிக் கூப்பிட்டேன்.
வகுப்பே சிரித்தது.
அவள் கரும்பலகையிலிருந்து திரும்பவில்லை.
கேட்டைத் தாண்டி, பெரிய கால்வாய்ப் பாலத்தில்
குடையை என் பக்கம் சாய்த்து
"இப்பச் சொல்லு, எங்க வலிக்குது?" என்றவள்
வேறொருத்தி.
வீடுவரை என் பையையும் அவளே சுமந்தாள்.
இரண்டு பேருக்குப் பிறந்தவள் நான் என்று
வெகுநாள் நினைத்திருந்தேன்.

செம்பவாங் கப்பல்துறையில்
ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்த அப்பா
எழுந்திருக்கவில்லை.
எனக்கு ஏழு, தம்பிக்கு ஒன்றரை.

அவள் புடவையைப் பார்த்துக் கிழமை சொல்வோம்.
திங்கள் பச்சை, செவ்வாய் கட்டம்போட்டது,
புதன் ஊதா, வியாழன் காவி.
வெள்ளிக்கு எடுத்துவைத்த பணத்தில்
தம்பிக்கு உடைந்த பல்லைக் கட்டினாள்.
வெள்ளியும் திங்களாகவே விடிந்தது
பல வருடம்.

அங் மோ கியோவில் ஏழாம் மாடி வீடு.
அந்தக் காலத்து லிஃப்ட்
ஒன்று, ஐந்து, ஒன்பதில் மட்டும் நிற்கும்.
தோளில் தூங்கும் தம்பி,
ஒரு கையில் நாற்பது கட்டுரை நோட்டு,
மறு கையில் கங்கோங் கீரை.
ஐந்தில் விட்டால் இரண்டு மாடி ஏற்றம்.
அவள் ஒன்பதுக்கே போவாள்.
"மேலே போயிட்டா மிச்சம் இறக்கம்தான்."

எல்லா மாடியிலும் நிற்கும் லிஃப்ட் வந்த பிறகும்
அவள் விரல் ஒன்பதையே அழுத்தியது.
அங்கே திருமதி லிம்மின் பூந்தொட்டிகளைப்
பார்க்கவேண்டும் என்பாள்.
பொய்யில்லை.
இருவரும் பாதி மலாயிலும் பாதி கையிலும்
அரைமணி பேசுவார்கள்.

கடைசி வாரம், மருத்துவமனையில்
எட்டு முறை அம்மா என்றேன்.
கண் திறக்கவில்லை.
மருந்து ஏற்ற வந்த பிலிப்பினோ தாதி
கோப்பில் படித்திருப்பாள்போல,
"டீச்சர்" என்றாள்.
"ம்" என்றாள் இவள்.
அன்றிரவு, தாதி அந்தப் பக்கம் போனதும்
நானும் அந்தச் சொல்லில் கூப்பிட்டேன்.
பதில் வந்தது.
அழுகை வந்தது. கொஞ்சம் கோபமும்.

இரண்டாம் நாள் இரவு
சீருடை கழற்றாமல் வந்தார்
டாக்சி ஓட்டும் தீனதயாளன்.
நாலாம் வகுப்பு, கடைசி வரிசை.
கும்பிட்டார். நிமிர்ந்தார். பேனரைப் பார்த்தார்.
யாரிடமும் கேட்கவில்லை.
நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி
சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவால்
ற-வை அடித்தார்.
மேலே ஒரு ர.
"இதுக்கெல்லாம் அரை மார்க் குறைப்பாங்க டீச்சர்"
என்று இறங்கிவந்தவருக்கு
உதடு கோணிக்கொண்டது.

மண்டாயிலிருந்து திரும்பும்போது
வெளிச்சம் மங்கிவிட்டது.
பெர்த்திலிருந்து வந்த தம்பி
கட்டிய பல் தெரியக் கொட்டாவி விட்டபடி
லிஃப்டில் ஏழை அழுத்தினான்.
நான் ஒன்பதை அழுத்தினேன்.

ஏழில் கதவு திறந்தது.
அவன் என்னைப் பார்த்தான்.
வெளியே போகவில்லை.
கதவு மூடியது.

ஒன்பதில்
யாரோ தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.
படி ஈரமாக இருந்தது.
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
அவன் முன்னால், நான் பின்னால்
இறங்கினோம்.