மூன்றாவது கியர்

காலை ஆறிலிருந்து ஒன்பது வரை
முருகன்குறிச்சி தொடங்கி ஆத்துப்பாலம் முடிய
வண்டிகளுக்கு வழியில்லை என்று பேனர் கட்டியிருந்தார்கள்.
எனக்கு அன்று வார ஓய்வு.
வீட்டில் ஃபேன் ரிப்பேர்.
அதனால்தான் போனேன்,
வேறு காரணம் சொன்னால் பொய்.

இருபத்திரண்டு வருசமாய்
இந்த ரோட்டைக் காலால்தான் அறிவேன்,
கிளச்சில் இடது, பிரேக்கில் வலது.
எந்தக் குழிக்கு முதுகில் எந்த எலும்பு என்று
உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
நடந்து பார்த்தால்
ரோடு ஒரு பக்கமாய்ச் சரிந்திருக்கிறது.
சோடா மூடி ஒன்று தாரில் புதைந்து
காசு போல் கிடக்கிறது.
மெடிக்கல் ஷாப்புக்கும் வளையல் கடைக்கும் நடுவே
ஒரு வேப்பமரம்.
இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்கள் அதை?

அமைதி என்றெல்லாம் சொல்ல முடியாது.
ஸ்பீக்கரில் ஒருவன் ஒன்று இரண்டு எண்ண
முந்நூறு பேர் கையைத் தூக்கினார்கள்.
தடுப்புக்கு அந்தப் பக்கம் கறிக்கடைக்காரர்
“ஞாயித்துக்கெழம பாத்தா அடைப்பிய,
யாவாரத்த ஒங்க ஐயாவா பாப்பாவ?” என்று கத்த,
ஊர்க்காவல் படைப் பையன்
“மேல கேளுங்க அண்ணாச்சி” என்று கை காட்டினான்.
மேலே வானம்தான் இருந்தது.

எதிரே என் கண்டக்டர் ஆறுமுகநயினார்,
காக்கி இல்லாமல், பையும் இல்லாமல்.
“அண்ணே, நீங்க நடப்பியளா?”
பழக்கத்தில் விசிலுக்கு உதட்டைக் குவித்தான்,
விசில் இல்லை.
சிரித்தோம். அவன் டீக்கு நின்றான்.
நான் நிற்கவில்லை.

கொக்கிரகுளம் தாண்டி, பாலத்துக்கு முன்னால்
ஸ்டாப் இல்லாத ஓர் இடம்.
எட்டு வருசம், நாளைக்குப் பதினாறு முறை
மூன்றாவது கியரில் அதைத் தாண்டியிருக்கிறேன்.
அங்கே நிறுத்த அனுமதி கிடையாது.
அனுமதி கிடையாது என்பது
எனக்கு வசதியாகவும் இருந்தது.

மைதீன் பிச்சை. மேலப்பாளையம்.
கேரியரில் ஒன்பது தட்டு முட்டை.
கை காட்டாமல் வலப்பக்கம் ஒடித்தது அவர்தான்,
பார்த்தவர்கள் நாலு பேர் எழுதிக் கொடுத்தார்கள்.
என்மேல் பிழையில்லை என்ற காகிதம்
பீரோவில், கல்யாணச் சேலைக்கு அடியில்,
பாச்சை உருண்டை வாசத்தோடு இருக்கிறது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
மூன்று நாள் கிடந்தார்.
நான் வாசல் வரை போய்
சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால்
இடத்தைச் சாண் பிசகாமல் காட்டுவேன்.
தரையில் நின்றால் தெரியவில்லை.
இந்தக் கம்பமா, அடுத்ததா?
மஞ்சள் கரு காய்ந்து எட்டு மழைக்காலம் ஆகிவிட்டது,
அதற்குமேல் இரண்டு தடவை தார் போட்டாயிற்று.
ஏதோ ஓர் இடத்தில்
முழங்காலைக் கொஞ்சம் மடக்கி
அவர் உயரத்துக்கு வந்து நின்றேன்.
திரும்பிப் பார்த்தேன்.
அங்கிருந்து என் வண்டி
எவ்வளவு பெரிதாய் வந்திருக்கும் என்று
அன்றுதான் கணக்குப் போட்டேன்.

கீழே ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம்.
இந்த ரோட்டில்! துவைக்கிற சத்தம்!

“தள்ளுங்க, தள்ளுங்க, பிரேக் வரமாட்டேங்கு!”
நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு.
சேலையை இழுத்துச் செருகி,
வாடகைச் சைக்கிளில் நேராக என்மேல் வந்தாள்.
பின்னால் கேரியரைப் பிடித்திருந்த புருசன்
எப்போதோ கையை விட்டுவிட்டு
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.
ஒதுங்கினேன். ஒரு சாண்.
அவள் முந்தானைக் காற்று முகத்தில் பட்டது.
பாலத்தில் ஏறியதும்
கை காட்டாமல், திரும்பிப் பார்க்காமல்
வலப்பக்கம் ஒடித்தாள்.

ஒன்றும் வரவில்லை.

ஒன்பதாக ஐந்து நிமிடம் இருந்தது.
தடுப்புக்கு அப்பால் எஞ்சின்களை
எழுப்பத் தொடங்கிவிட்டார்கள்.
குனிந்து பார்த்தால் என் வலது கால்
இன்னும் ரோட்டை அழுத்திக்கொண்டிருந்தது.