பார்த்த நாள்

பாலக்கோட்டில் பத்தரை மணிக்கு மேல்தான்
சிக்னல் இரங்கும்.
'ஜாமீன் கிடைத்தும் வெளிவராதவர்கள்' என்று தேடினேன்.
முதல் கட்டுரை முப்பத்தொன்பது டாலர் கேட்டது.
மண்டியில் தக்காளி கிலோ மூன்று ரூபாய்;
ஒரு டன் விற்றாலும் போதாது.

நீதிமன்றத் தளம் சும்மா திறக்கும்,
நான் இயந்திரமில்லை என்று
ஆறு கோணல் எழுத்தில் சத்தியம் செய்தால்.
குற்றம்: மோட்டார் ஒயர் திருட்டு.
இருநபர் பிணையில் ஜாமீன்.
வாய்தா, வாய்தா, பதினோரு வாய்தா.
எதிரி: மாதப்பன், த/பெ சின்னமுனி,
பக்கத்துத் தெரு.

கையெழுத்துக் கேட்டு அவர் சம்சாரம்
அப்பாவைத் தேடி வந்த ராத்திரி
வாசல் விளக்கை அணைத்தவள் நான்.

ஆய்வேட்டில் அடிக்குறிப்பு எழுதுகிறேன்:
வழக்கு எண், தளத்தின் பெயர்,
பார்த்த நாள்.
அந்த இடத்தில் கர்சர் மினுக்குகிறது.
இன்றைய தேதியா,
அந்த ராத்திரியா?