அரை லிட்டர்

முதலில் போய்விட்டு வரணும்.
அப்புறம் அரை லிட்டர் தண்ணீர்.
அப்புறம் அரைமணி நேரம் அடக்கணும்.
சீட்டில் எழுதிக் கொடுத்த பெண்ணிடம் சொன்னேன்:
அந்த மூணாவதை மட்டும்
எனக்குச் சொல்லித்தர வேண்டாம் ஹஸீனா.

கத்திப்பாராவில் பந்தோபஸ்து.
கான்வாய் பத்து மணிக்கு என்றால்
ஆறுக்கே நிற்கணும் நாங்கள்.
பதினொன்றரைக்கு வரும்,
நாலு நொடியில் போய்விடும்.
அந்த நாலு நொடிக்காக
முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைத் தொடாத
இருபத்தாறு வருஷ சர்வீஸ்.
ஒருமுறை கிண்டியில் பெட்ரோல் பங்க் பையன்
கேட்காமலே சாவியை நீட்டினான்.
அவன் முகம் ஞாபகம் இருக்கிறது.
காரில் போன எந்த முகமும் இல்லை.

அதனாலா டாக்டர் வந்தது?
அப்படிச் சொல்ல முடியாதும்மா என்றார்.
கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருக்கும்.
போச்சு.

ரத்தம் பார்த்தபோது
நின்றுபோனது திரும்பிவிட்டதென்று
நாப்கின் வாங்கினேன்.
நாலு மாதம் வாங்கினேன்.

இரண்டு வழி வைத்தார் மேசைமேல்.
பையை எடுத்துவிட்டு
வயிற்றுக்கு வெளியே வேறு பை.
இல்லையென்றால், இருப்பதை வைத்துக்கொண்டே
முப்பத்திரண்டு நாள் கதிர், வாரம் ஒரு கீமோ.
திரும்ப வந்தால் அப்போது எடுக்கலாம்.
எதற்கும் கேரண்டி இல்லை என்பதையும்
அதே மேசைமேல் வைத்தார்.
வீட்டுக்காரர் முதல் வழியைப் பார்த்தார்.
எனக்கு, அத்தனை நேரம் என்னோடு நின்றதை
விட்டுக்கொடுக்க மனசில்லை.
இதை டாக்டர் ஃபைலில் எழுதிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை கீமோ.
காபியில் தகரம் நாறுகிறது.
பக்கத்து நாற்காலியில் தண்டையார்பேட்டை கேசவலு, வெல்டர்.
அவருக்கு அந்த வழி.
சட்டையைத் தூக்கிப் பையைக் காட்டினார்:
'நெல்லூர் வரைக்கும் பஸ்ஸில் தூங்கிக்கிட்டே போவேன்,
எழுந்திருக்கிற வேலையே இல்ல தங்கச்சி.'
சிரித்தோம். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

பிறகு மெஷின் அறை.
வயிற்றில் மார்க்கர் கோடுகள், நெருக்கடியான சந்திப்பு மாதிரி.
எல்லோரும் வெளியே போகிறார்கள்.
கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு.
யாரும் உள்ளே வரக்கூடாது, நான் ஒருத்தி இருப்பதால்.
மைக்கில் ஹஸீனா:
'மேடம், இன்னும் கொஞ்சம் நிரம்பணும். முடியுமா?'

முடியும்.

முடிந்ததும் இடது பக்கம் டாய்லெட்.
ஓடவில்லை.
பதினோரு அடி, சாவி கேட்க ஆளில்லை,
கதவு திறந்தே இருக்கிறது.