பதினாலு கிலோ நண்டு

படிவத்தில், வேலையின் பெயர் என்ற இடத்தில்
நான் எழுதின சொல்லை
அருள்சீலி அக்கா சிவப்புப் பேனையால் வெட்டினா.
"உந்தச் சொல்லை எங்கட சங்கத்துக் கடதாசியில எழுதாதேங்கோ.
வீடு மாறுறது எண்டு போடுங்கோ."
போட்டன்.

அதுவரைக்கும் அது கொழும்பில் இருந்தது.
கொழும்பில் எங்க எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது.
பெரிய பொறி ஒன்றின் வயிற்றுக்குள்,
ஆளையாள் அறியாத இன்னும் பதினொரு பேரோடு.
நாலு மூளை தன்ரை எண்டு நம்பிக்கொண்டிருந்தது.
தனக்கெண்டு ஒரு வட்டு இருக்குது எண்டும்.
பக்கத்தில் ஆரோ படம் ஏற்றினால்
இங்க நேரம் களவு போகும்.
பாசையூர்த் தராசடியில்
ஈரச் சாரத்தோட ஆக்கள் பில்லுக்கு நிப்பினம்.

புதுச் சேர்வர் முப்பத்தொரு கிலோ.
நானும் றெக்சனும்
ஐஸ் பக்டரியின் பின்படியால் தூக்கினம்.
அவன் ரெண்டு தரம் இறக்கி வைச்சு மூச்சு வாங்கினான்.
"கொம்பியூட்டருக்குள்ள நடக்கிற வேலை எண்டல்லோ சொன்னனீங்கள்?"

மேலறைச் சுவரில் உப்புப் பூத்திருந்தது.
ஒரு முழம் தள்ளி வைச்சன்.
எறும்புக்கு நாலு மூலையிலும் பூச்சி உருண்டை.
கீழே விடிய விடிய ஐஸ் உடைச்சினம்.

ஒரு மணிக்குப் பிரதி எடுக்கத் தொடங்கினன்.
நூற்றில் பதினேழு.
நூற்றில் பதினேழு.
கரண்ட் ஒருக்கால் கண்ணைச் சிமிட்டியது.
நூற்றில் பதினெட்டு.

மூண்டு அஞ்சுக்கு எழுப்பினன். எழும்பேல்லை.
வட்டைக் காணவில்லை எண்டு திரை சொன்னது.
அது இருந்த இடத்தில் வட்டு வெறும் சொல்.
இங்க அது இரும்பு,
இரும்போட கதைக்கிற பாஷை அதுக்குத் தெரியாது.
பாஷையை ஏற்றினன்.
வலை அட்டையைக் காணேல்லை எண்டது.
கிடந்தது, வேற பேரில.
மணிக்கூடு அஞ்சரை மணித்தியாலம் பின்னுக்கு நிண்டது.

மூண்டு அம்பத்திரெண்டுக்கு
விசிறிகள் எல்லாம் ஒருமிக்கக் கத்தின.
கதிரையில் நித்திரையாய்க் கிடந்த றெக்சன்,
நாற்பது வயது மனுசன்,
நிலத்தில் குப்புறப் படுத்திட்டான்.
பிறகு எழும்பிச் சிரிச்சான்.
எனக்குச் சிரிப்பு வரேல்லை.

அதுக்குப் பிறகுதான் கண்டன்.
பழையதை எழுதவிடாமல் பூட்ட மறந்துபோனன்.
மூண்டு பன்னிரண்டுக்குத் தராசடியிலிருந்து ஒரு பதிவு:
பிலேந்திரன். நண்டு. பதினாலு கிலோ.
கொழும்பில் இருந்தது. இங்க இல்லை.

நாங்கள்தான் சங்கம் எண்டு
ரெண்டும் சொல்லிக்கொண்டு நிண்டன.
ஒன்றில் பிலேந்திரன் கரைக்கு வந்திட்டான்.
மற்றதில் இன்னும் கடலில்.

அந்த ஒரு வரியை நான் கையால் அடிச்சன்.
பெயரை ரெண்டு தரம் சரி பாத்தன்.

ஆறு மணிக்கு அருள்சீலி அக்கா வந்தா.
பழையதை நிப்பாட்டட்டோ எண்டு கேட்டன்.
"மாசம் முடியுமட்டும் வாடகை கட்டியிருக்கெல்லோ. கிடக்கட்டும்."
சேர்வரின் மூடியில் உள்ளங்கையை வைச்சா.
"சுடுது."
கையை உடனே எடுக்கேல்லை.

ஏழு மணிக்குப் பிலேந்திரன் பில்லோட படியேறி வந்தான்.
பதினாலு கிலோ இருநூறு கிராம் எண்டான்.
ரெண்டையும் திறந்து காட்டினன்.
அந்த இருநூறு கிராம்
ரெண்டிலும் இல்லை.