மேற்படி

கோட்டைக்குள் இருந்தது கச்சேரி.
பதிவறையில் காற்றாடி போடக்கூடாது, தாள் பறக்கும்
என்றார் பெலிசிட்டா மிஸ்.
இடாப்பைத் திறந்த பிறகுதான் தெரிந்தது:
பறக்காது. பொடியும்.

காணிக் கந்தோரில் கேட்டது ஒரே கேள்வி.
எப்ப இருந்து இங்க இருக்கிறீங்க?
பனிச்சங்கேணிப் பாலம் வருமுன்பே
எங்கள் சனம் தேன் எடுத்த மரங்களைச் சொன்னேன்.
மரம் சரி, துண்டு எங்கே என்றார்கள்.
முதல் பஸ்ஸில் வந்தேன்,
பையில் சோற்றுப்பொதியும் ஒரு பூதக்கண்ணாடியும்.

1889, வேடருக்குக் கொடுத்த குரக்கன் கணக்கு.
சடையன். ஆண். வயது முப்பது.
பெண்சாதி ஒன்று, பிள்ளை நாலு.
ஆறு கொத்து.

ஆங்கில எழுத்துக்கு டவும் தவும் ஒன்றுதான்.
அடுத்த வருடம் அவர் சாதையன்.
அதற்கடுத்த வருடம் சதாசிவன்.
கிளார்க்கர் மாறியிருக்க வேண்டும்,
தனக்குப் பிடித்த பேர் ஒன்றைப் போட்டிருக்கிறார்.
வயது மட்டும் ஐந்து வருடமும் முப்பது.

அவளுக்குப் பேர் இல்லை.
அவள் இருக்கவேண்டிய கட்டத்தில் சின்னதாய் இரண்டு கோடு.
மேற்படி.
மேலே பார்த்தேன், அங்கேயும் மேற்படி.
முன்பக்கம், அதற்கும் முன்பக்கம்.
முதல் தாளைப் பூச்சி தின்றிருந்தது.

பின்னேரம் மிஸ் இன்னொரு கட்டு கொண்டு வந்தார்,
விதானைமார் அனுப்பிய மரண அறிக்கைகள்.
1894 ஆவணி.
சடையன், கதிரவெளிக்கு மேற்கே, கரடி அடித்து.

குரக்கன் கணக்கை மறுபடி எடுத்தேன்.
1894 புரட்டாசி. சடையன். வயது முப்பது.
ஆறு கொத்து.
ஐப்பசியிலும் வந்திருக்கிறார்.
இன்னும் பதினொரு வருடம் வருகிறார், மழையென்றாலும்.
ஆவணி மட்டும் கையெழுத்துக்கு ஒரு புள்ளடி.
புரட்டாசியிலிருந்து ஒரு வளைவு,
வில்லைப் போல, நாண் கட்டாத வில்.

என் பூட்டன் பிறந்தது 1897.
தகப்பன் பேர்: சடையன்.

பிழையா எழுதியிருப்பாங்க, அந்தக் காலம்தானே
என்றார் மிஸ்.
நான் ஓம் என்றேன்.

அந்த வில்லை வளைத்த ஆள் யார்?
கொழுந்தனா, வழியில் வந்த எவனோவா?
வரிசையில் நின்றபோது
அவன் காதில் அந்தப் பேரைச் சொன்னது யார் என்று
எனக்குக் கொஞ்சம் தெரியும்.

2007. எனக்கு ஒன்பது வயது.
வாகரையிலிருந்து காட்டுப்பாதையால் வந்து
வாழைச்சேனைப் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தோம்.
மேசைக்கு முன்னால் வரிசை.
அம்மா எங்கள் பேர்களைச் சொன்னாள்.
மறுகா,
நிதுசன், வயது நாலு என்றாள்.
ஆள் எங்கே?
நித்திரை.
அவன் காய்ச்சலில் போய் அப்போது மூன்று நாள்.
பாலை மரத்தடியில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.
எழுதியவர் நிமிர்ந்து பார்க்கவில்லை,
அல்லது பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.
முகாம் மூடும்வரை
என் தம்பி மாவும் பருப்பும் எடுத்தான்.
அந்த ரொட்டியை நான் தின்றேன்.
பசித்தது, தின்றேன்.

மூன்றரைக்குப் பூட்ட வேண்டும் என்று
மிஸ் திறப்பை மேசையில் வைத்தார்.
எந்தெந்தப் பக்கம் பிரதி வேணும் மகள்?
பிறப்பு ஒன்று, குரக்கன் கணக்கு எல்லாம்.
மரணம்?

வெளியில் வாவியில் யாரோ
தோணியைத் தடியால் தட்டி மீன் கலைத்தார்கள்.

வேணாம் மிஸ்.

பக்கத்துக்கு நூற்றிருபது ரூபா.
காசைக் கொடுத்தேன், எண்ணிப் பார்த்து ரசீது எழுதினார்.
ஓட்டமாவடிப் பாலம் வரும்போதுதான்
சோற்றுப்பொதி ஞாபகம் வந்தது.
அவிழ்த்தேன். கொஞ்சம் புளித்திருந்தது.